தோலறிந்தவன் வீட்டுப் பிள்ளைக்கு ஆராய்ச்சிக் கதவு திறக்கட்டும்!

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவரும், வாணியம்பாடி டேனரியில் பச்சைத் தோலோடு மல்லாடுகிறவரும், 'நம் கை பட்ட பாடு பிள்ளையின் கை படவேண்டாம்' என்று கணினிப் படிப்பில் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். பிள்ளைகளும் பட்டம் பெறுகிறார்கள். அதற்குமேல்? சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயிலேறி, கிடைத்த வேலையில் அமர்கிறார்கள். பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சியாளர் என்றோர் இடம் உண்டு, அதற்கு மாதந்தோறும் பணமும் உண்டு என்ற சேதி நம் தெருக்களை எட்டுவதே இல்லை!

எனவே சேதியை முதலில் சொல்லிவிடுகிறோம். 'நெட்' என்ற தேசியத் தகுதித் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. முதுகலை முடித்தவர்கள் எழுதலாம். கணினி அறிவியலும் அதிலே ஒரு பாடம். இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறி, ஆராய்ச்சியில் சேர்ந்தவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். வயது வரம்பு 30. பெண்களுக்கும், பிற்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் மேலும் 5 ஆண்டுச் சலுகை. இது ஒரு வழி. பேராசிரியர்கள் பெறும் ஆராய்ச்சித் திட்டங்களில் தற்காலிகப் பணி மற்றொரு வழி. அந்த அறிவிப்பு பல்கலைக் கழக இணையதளத்தில் வரும். சில நாட்களிலேயே கெடு முடிந்துவிடும். பார்த்தவன் பிழைத்தான், பாராதவன் ஏமாந்தான்!

வழி இருக்கிறது, வழியிலே முள்ளும் இருக்கிறது. 'நெட்' வினாத்தாள், மொழிப் பாடங்கள் நீங்கலாக, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. இந்தி பேசுவோர் தாய்மொழியில் தேர்வு எழுதலாம். தமிழ் பேசுவோர் எழுதக்கூடாது! இதற்குப் பெயர் தேசியத் தேர்வாம்!

அடுத்த முள் இன்னும் கூரியது. சிறுபான்மைச் சமுதாயத்து ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று மௌலானா ஆசாத் உதவித்தொகை இருந்தது. அதை 2022-23 முதல் நிறுத்துவதாக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவித்தது. வேறு திட்டங்களிலும் இவர்கள் பயன்பெறுகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். அடுத்த பந்தியிலே இடம் இருக்கிறது என்று கூறி, உட்கார்ந்தவன் இலையை எடுப்பதா? மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் எத்தனை வீடுகளின் நம்பிக்கை அது!

'தொழிலாளி மகனுக்கு ஆராய்ச்சி எதற்கு?' என்று கேட்பாரும் உண்டு. தோலில் உள்ள தழும்பையும் துளையையும் படத்தைக் கொண்டே கண்டுபிடிக்கும் கணினி முறைகளை ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கி வருகிறார்கள். இதுவரை அந்த வேலையைச் செய்தது யாருடைய கண்? தொழிலாளியின் கண்! நாளை இயந்திரம் வந்து அவனை வெளியே தள்ளுமா, அவனுக்குத் துணை நிற்குமா? அதைத் தீர்மானிக்கும் ஆராய்ச்சிக் கூடத்தில் அவன் மகளும் மகனும் இருக்கவேண்டாமா? பாலாற்று நிலத்தடி நீரில் கழிவு பரவிய கணக்கைப் போடவும் கணினி வேண்டும். அந்த நீரைக் குடித்தவன் பிள்ளையைவிட அக்கறையோடு அதைப் போடுகிறவன் யார்?

நிறுத்திய உதவித்தொகையை மீண்டும் தரவேண்டும். தேர்வு தமிழிலும் நடக்கவேண்டும். திருவள்ளுவர் பல்கலைக் கழகம் ஆராய்ச்சி இடங்களின் அறிவிப்பைத் தமிழில் எழுதி, இணைந்த கல்லூரிகள் அனைத்துக்கும் அனுப்பவேண்டும் என்று கேட்கிறோம்.

தோழர்களுக்கும் வேலை உண்டு. பத்திரிகை படித்துக் காட்டியே நாட்டை விழிக்கச் செய்தவை நம் படிப்பகங்கள். வாரம் ஒருமுறை இந்த அறிவிப்புகளைத் திரட்டிப் படிப்பகத்துப் பலகையில் எழுதுங்கள். பட்டம் பெற்ற பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். கோரிக்கை வெல்லும் நாள்வரை காத்திராமல், சேதியாவது இன்றே போய்ச் சேரட்டும்!