தொழுவத்துக்கு என்ன கொண்டு போகிறோம்?

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் சுள்ளிக்கல் பகுதியில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கத் தொடங்கிவிடும். தோப்பும்படியிலிருந்து ஃபோர்ட் கொச்சி வரை கேக் கடைகளில் நிற்க இடமிருக்காது. ஆண்டுக் கடைசியில் கார்னிவல், பப்பாஞ்ஞி எரிப்பு என்று ஊரே திரண்டுவிடும். பிழைப்புக்காக வந்து இங்கேயே வேரூன்றிவிட்ட நமக்கும் இது சந்தோஷமான காலம். அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. சென்ற ஆண்டு என் வீட்டில் நடந்த ஒரு சிறு சம்பவம் என்னை யோசிக்க வைத்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பு, என் பேரன் பாட்டுப் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தான். பத்து வயது. கையில் ஒரு தாள். தமிழ்ப் பாட்டுத்தான், ஆனால் மலையாள எழுத்தில் எழுதியிருந்தது. சுருதி பிசகாமல் பாடிக் காட்டினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சும்மா இருக்காமல் ஒரு வார்த்தையைக் கேட்டு வைத்தேன்.

“தொழுவம்னா என்னடா?”

“தொழுகிற இடம். சர்ச்சுதானே தாத்தா?”

வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். “மாடு கட்டுற இடம்டா” என்றாள் அவன் பாட்டி. “ஓ, தொழுத்தா?” என்று மலையாளத்தில் புரிந்துகொண்டு, முகம் சுருங்கி உள்ளே போய்விட்டான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நட்சத்திரம் வாங்கியாயிற்று, துணி எடுத்தாயிற்று, பலகாரத்துக்கு மாவு இடித்தாயிற்று. ஆனால் தெய்வத்தின் முன் நின்று பாடப் போகிற பிள்ளைக்கு, தான் பாடுவது என்னவென்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தவறு அவனுடையதா? பாட்டு வாத்தியாருடையதா? வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த கிழவன் நான் ஒருவன் இருக்கிறேனே! யாருக்காகப் பண்டிகையோ அவருக்கு மட்டும் என் வீட்டில் எந்த ஏற்பாடும் நடக்கவில்லை.

ஆராதனை என்பது நாம் கடவுளுக்குக் கொடுக்கும் காணிக்கை என்று சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். காணிக்கை என்றால் கொடுப்பவனுக்கு அதில் ஏதாவது செலவாக வேண்டும். வேதாகமத்தில் தாவீது ராஜாவுக்குப் பலிபீடம் கட்ட அர்வனா என்பவன் தன் களத்தையும் மாடுகளையும் இலவசமாகவே கொடுக்க வந்தான். தாவீது ஏற்கவில்லை. செலவில்லாமல் கிடைத்ததைக் கடவுளுக்குப் படைக்கமாட்டேன் என்று ஐம்பது சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினான். நமக்கு இன்று பணச் செலவு பெரிதல்ல. நேரமும் மனமும்தான் செலவு. கடைசி நிமிடத்தில் ஓடிப் போய், தெரியாத பாட்டுக்கு வாயசைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினால், அங்கே நாம் என்ன கொடுத்தோம்?

நம் பக்கத்து வீடுகளையே பாருங்கள். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொள்ளும் நண்பர்கள் ஒரு தரிசனத்துக்காக 41 நாள் விரதம் இருக்கிறார்கள். கேரளத்தின் சுரியானிக் கிறிஸ்தவர்கள் பலர் டிசம்பர் முதல் தேதியிலிருந்து இருபத்தைந்து நாள் நோன்பு காக்கிறார்கள். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் மார்கழிக் குளிரில் விடியுமுன் எழுந்து தெருத் தெருவாகப் பஜனை பாடிப் போவோம். ஃபோர்ட் கொச்சி வெளியில் துணி வெளுக்கும் நம் தமிழ் மக்கள்கூட, ஒரு சட்டையை ஊற வைத்து, அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டு, காய வைத்து, தேய்த்துத்தான் ஒப்படைக்கிறார்கள். ஒரு சட்டைக்கே இத்தனை ஆயத்தம் வேண்டியிருக்கிறது.

இந்தக் கொச்சிக்கும் தமிழ் ஆராதனைக்கும் உள்ள பழைய உறவு நம்மில் பலருக்குத் தெரியாது. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்கத் தமிழ் நூல் அச்சாயிற்று. அடுத்த ஆண்டே, 1579இல், ‘கிரிசித்தியானி வணக்கம்’ இதே கொச்சியில் அச்சேறியது. இரண்டையும் தமிழில் ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். போர்த்துக்கல்லிலிருந்து வந்த அவர் தமிழைக் கற்று, முத்துக்குளித்துறை மக்களோடு ஏறத்தாழ 50 ஆண்டுகள் வாழ்ந்தவர். அச்சு வேலைக்குப் பணம் கொடுத்து உதவியவர்களில் அந்தக் கடற்கரைப் பரதவர்களும் உண்டு. கடலில் மூழ்கிச் சம்பாதித்த காசு! தாங்கள் சொல்லும் செபம் தங்களுக்குப் புரிய வேண்டும் என்று அந்த மக்கள் கொடுத்த விலை அது. 440 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதே ஊரில் என் பேரன் தமிழ்ப் பாட்டைப் பொருள் தெரியாமல் பாடுகிறான்.

“கடவுளுக்கு மலையாளம் தெரியாதா?” என்று சிலர் கேட்பார்கள். நன்றாகவே தெரியும். நானும் மலையாள ஆராதனைக்குப் போய் மனம் நிறைந்து வருகிறவன்தான். பிள்ளையின் மனசு மலையாளத்தில்தான் திறக்கும் என்றால் அவன் மலையாளத்திலேயே செபிக்கட்டும். எந்த மொழியில் பாடினாலும் கருத்தோடு பாட வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் தமிழ்ப் பாட்டைக் கொடுக்கிறோம் என்றால், பொருளையும் சேர்த்துக் கொடுக்கும் கடமை பெரியவர்களான நமக்கு உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) போன்றவர்கள் நம் ராகங்களில் கீர்த்தனை செய்து வைத்தது, நம் சனங்கள் உருகிப் பாட வேண்டும் என்பதற்காகத்தானே?

மறுநாள் முதல் பேரனும் நானும் உட்கார்ந்தோம். தினம் ஒரு அடி. முதலில் பொருள், பிறகு தமிழ் எழுத்து, பிறகு ராகம். லூக்கா சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தில் பிறப்பின் கதையை வீட்டில் ஆளுக்குக் கொஞ்சமாக வாசித்தோம். அரை மணி நேரத்துக்கு மேல் எந்த நாளும் ஆகவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காணிக்கை கொண்டு வருகிறவன், சகோதரனுக்குத் தன்மேல் மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வர வேண்டும் என்று இயேசு சொல்லியிருக்கிறார். ஊரிலுள்ள என் தம்பியோடு எட்டு வருஷமாக எனக்குப் பேச்சில்லை. ஒரு வேலித் தகராறு. பேரனுக்குப் பொருள் சொல்லிக் கொடுக்கிற எனக்கு அது முள்ளாகக் குத்தியது. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு போன் செய்தேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, “அண்ணே, நல்லா இருக்கியளா? இந்தப் பண்டிகைக்கும் வரமாட்டியளா?” என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை. வேலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த வருஷ ஆராதனையில் தலை குனியாமல் நின்றேன்.

ஆகவே அன்பர்களுக்கு என் தாழ்மையான யோசனை இதுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளையும் வீணாக்க வேண்டாம். முதல் வாரம் ஒரு பாட்டின் பொருளைக் குடும்பமாகக் கற்போம். இரண்டாம் வாரம் பிறப்பின் கதையைச் சேர்ந்து வாசிப்போம். மூன்றாம் வாரம் பேசாமல் விட்ட ஒருவரிடம் பேசுவோம். நான்காம் வாரம், பாட்டுப் பவனி போகும்போது, வசூல் கிடைக்கும் வீடுகளோடு நிறுத்திக்கொள்ளாமல், நோயாளி இருக்கும் வீட்டுக்கும், துக்கத்தால் நட்சத்திரம் கட்டாத வீட்டுக்கும் போய் மெதுவாக ஒரு பாட்டுப் பாடிவிட்டு வருவோம். இவற்றில் எதற்கும் கடன் வாங்க வேண்டியதில்லை.

சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் சுமந்து வெகுதூரம் வந்தார்கள். மேய்ப்பர்கள் கையில் காணிக்கை இருந்ததாக லூக்கா எழுதவில்லை. செய்தி கேட்டதும் விரைந்து வந்தார்கள். பார்த்துவிட்டுத் துதித்துக்கொண்டே திரும்பினார்கள். இல்லாதவனும் கொடுக்கக்கூடிய காணிக்கை அது.

கிறிஸ்துமஸ் காலையில் பேரன் பாடினான். அந்த வார்த்தை வந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். யோசித்துப் பார்த்தால் அவன் முதலில் சொன்னதும் முழுத் தவறில்லை. மாடு கட்டிய இடம்தான் அன்று தொழுகிற இடமாயிற்று.