மீட்டர் போடுங்கள், பில் போடாதீர்கள்

மாண்புமிகு புதுச்சேரி முதலமைச்சர் அவர்களுக்கு,

வில்லியனூர் பக்கம் நெல் பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். போர்த்தண்ணீர் உப்பாகி வரும் விஷயத்தை எங்கள் கொம்யூன் பஞ்சாயத்துத் தலைவரிடம் சொல்வதுதான் முறை. ஆனால் 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்து, பிறகு பல ஆண்டுகள் தேர்தலே நடக்காமல் போனது. அதனால் நேரே தங்களிடம் வருகிறேன்.

ஊசுட்டேரி நிரம்பினால் செய்தித்தாளில் படம் வருகிறது. போர்த்தண்ணீர் கரிக்க ஆரம்பித்தால் எதுவும் வருவதில்லை. பருப்பு வேகவில்லை என்று வீட்டில் பெண்கள் சொல்கிறார்கள், நாங்கள் கேன் தண்ணீர் வாங்குகிறோம், அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் அதே தண்ணீர்தான் வயலுக்கும் பாய்கிறது. வயலுக்குக் கேன் வாங்க முடியாது. மண்ணின் உப்பு ஓர் அளவைத் தாண்டினால் நெல் விளைச்சல் படிப்படியாகக் குறையும் என்பது வேளாண் அறிவியல் நன்கறிந்தது. மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டிய பிறகு, கூடும் ஒவ்வொரு அலகுக்கும் ஏறத்தாழ 12 சதவீதம் போய்விடும்.

கடலை ஒட்டிய பாகூர் கொம்யூனுக்கு இது இன்னும் பெரிய ஆபத்து. நரம்பை, மணப்பட்டு போன்ற ஊர்களின் அடியில் நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த கணக்கு இது. மேலிருக்கும் ஒரு மீட்டரை மோட்டார் இழுத்துவிட்டால் கீழேயிருந்து எவ்வளவு ஏறிவரும் என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள். அப்படி ஏறிய உப்பு ஒரு நல்ல மழையில் இறங்கிவிடாது.

மின்சாரக் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு போக நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,800 கனமீட்டர். அதைப் பத்து மீட்டர் ஆழத்திலிருந்து தூக்க, மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவீதத் திறனில் ஓடினால், 330 யூனிட் போலச் செலவாகும். நீர்மட்டம் 50 மீட்டருக்குப் போய்விட்டால் 1,600 யூனிட்டைத் தாண்டும். விளைவது அதே நெல்தான், தண்ணீர் மட்டும் முன்னைவிடக் கரிப்பு. கடைசியில் கடல்நீரைத்தான் குடிநீராக்க வேண்டும் என்ற நிலை வந்தால், ஒரு கனமீட்டருக்கே மூன்று நான்கு யூனிட் கொடுக்க வேண்டியிருக்கும். 50 மீட்டர் ஆழக் கிணற்று நீருக்கு ஆவதைப் போல அது சுமார் பத்து மடங்கு.

விவசாய மோட்டார்களுக்குத் தரும் இலவச மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. அதை நிறுத்தினால் முதலில் விழுவது சிறு விவசாயிதான். ஆனால் எந்த ஊர் மோட்டார் எவ்வளவு ஓடுகிறது, அந்த ஊர்க் கிணற்றில் உப்பு எவ்வளவு ஏறியது என்ற இரண்டையும் ஒரே தாளில் பார்க்க எங்களுக்கு வழியில்லை. மின்துறைக்கு மோட்டார்தான் தெரியும். ஏரியும் குடிநீரும் பொதுப்பணித்துறையின் பொறுப்பு, நிலத்தடி நீர்ப் பிரிவு வேளாண்துறையில் இருக்கிறது. இந்த மூன்று துறைகளையும் ஒரு மேசையில் உட்கார வைக்கத் தங்களால்தான் முடியும்.

ஆகவே மோட்டார்களுக்கு மீட்டர் போடுங்கள், பில் போடாதீர்கள். இன்று மீட்டர் வந்தால் நாளை கட்டணம் வரும் என்ற பயம் எங்களுக்கு உண்டு, அது நியாயமான பயமும்கூட. கட்டணம் வராது என்பதை அரசாணையாகவே எழுதிக் கொடுங்கள். பஞ்சாபில் 2018-இல் தொடங்கிய திட்டத்தில், ஒதுக்கிய அளவுக்குள் விவசாயி மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் கொடுத்தார்கள். அப்படி ஒன்று இங்கே வந்தால், நவரை நெல்லுக்குப் பதில் உளுந்து போடலாமா என்று நாங்களும் யோசிப்போம். ஆனால் உளுந்து உப்பைத் தாங்காத பயிர். தண்ணீர் கெட்டபின் பயிரை மாற்றச் சொல்லிப் பயனில்லை.

ஏரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1999-இல் தொடங்கி, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் நடந்தது. ஒவ்வோர் ஏரிக்கும் விவசாயிகள் சங்கம் அமைத்துச் செய்தார்கள். அந்தச் சங்கங்களுக்கு மீண்டும் பணமும் அதிகாரமும் கொடுங்கள். பாகூர் ஏரிக்கு நீர் தரும் பங்காரு வாய்க்காலும், சங்கராபரணியிலிருந்து ஊசுட்டேரிக்கு வரும் சுத்துக்கேணி வாய்க்காலும் ஐப்பசி மழைக்கு முன்பே தூர்வாரப்பட வேண்டும். ஏரியில் நிற்கும் தண்ணீர் மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைக்கும், கீழே இறங்கி உப்பையும் தள்ளும். கழிவுநீர் கலந்தால் இதே ஏரி எங்கள் கிணறுகளைக் கெடுக்கும் என்பதால், தூர்வாரும்போதே சாக்கடை வந்து சேரும் இடங்களையும் அடைக்கச் சொல்லுங்கள்.

நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 2002-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ், கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டம், உப்பு, நைட்ரேட் அளவுகளை எடுத்து, பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடையிலும் தமிழில் ஒட்ட உத்தரவிடுங்கள். பக்கத்திலேயே அந்த ஊர் மோட்டார்கள் எடுத்த யூனிட்டும் இருக்கட்டும். வருகிற சொர்ணவாரி நடவுக்கு முன், வில்லியனூரிலும் பாகூரிலும் பத்துப் பத்து ஊர்களிலாவது இதைத் தொடங்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
வில்லியனூர் கொம்யூன் விவசாயி ஒருவன்