மனு எழுத ஆள் உண்டா? எழுதக் கற்பிக்க ஆள் உண்டா?

தமிழ்ப் பெற்றோர்களே!

2007 நவம்பர் 25 விடியற்காலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பத்துமலைக் கோயில் வாசற்கதவு பூட்டப்பட்டது. உள்ளே இருந்த நம் மக்கள்மீது தண்ணீரும் கண்ணீர்ப் புகையும் பாய்ந்தன. எதற்காகத் திரண்டோம்? பிரிட்டிஷ் தூதரகத்தில் ஒரு மனுவைக் கொடுக்க! நடக்க ஆயிரமாயிரம் பேர் இருந்தோம். அப்படியொரு மனுவை எழுதத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நான் வழக்கறிஞர். என் மேசைக்கு வரும் கடிதங்களைப் பார்த்தால் மனம் கனக்கிறது. "ஐயா, கருணை காட்டுங்கள்" என்று மூன்று பக்கம் இருக்கும். எந்தத் தேதியில் என்ன நடந்தது, எந்த உரிமை மறுக்கப்பட்டது, என்ன வேண்டும் என்பது இருக்காது. பட்டதாரிப் பிள்ளை எழுதிய கடிதமும் சில வேளைகளில் இப்படித்தான். பிள்ளையைத் திட்டாதீர்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, இடைநிலைப் பள்ளியில் மலாய், பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலத் தேர்வு. மூன்று மொழியைத் தாண்டி வந்த பிள்ளைக்கு, வாதத்தை வரிசைப்படுத்தி எழுத அருகில் உட்கார்ந்து சொல்லித் தந்தவர் யார்?

அமெரிக்காவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவருக்கு எழுத்துப் பாடம் உண்டு. பல இடங்களில் அதைக் கற்பிப்பவர்கள் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள். அவர்களில் சிலரைத் துணை இயக்குநராக அமர்த்தி, அந்தத் திட்டத்தையே நடத்தப் பழக்குகிறார்கள். பாடத்திட்டம் வகுப்பது, ஒரே கட்டுரைக்கு இரண்டு ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் தரப் பழக்குவது, புதிய ஆசிரியரை வழிநடத்துவது, வரவு செலவு பார்ப்பது, நிர்வாகத்திடம் நிதி கேட்டு எழுதுவது எல்லாம் இதில் அடங்கும். இது தனித் தொழில்! நன்றாக எழுதத் தெரிந்தவருக்கெல்லாம் தானாக வந்துவிடாது.

இங்கே என்ன நடக்கிறது? ஆய்வு மாணவர் கையில் ஒரு வகுப்பைக் கொடுத்து, "போய் நடத்து" என்கிறார்கள். ஆர்வமுள்ள விரிவுரையாளர் ஒருவர் இருந்தால் எழுத்து வகுப்பு நடக்கும். அவர் ஓய்வு பெற்றால் வகுப்பும் ஓய்வு பெறும். அடுத்த ஆளைத் தயார் செய்யாத திட்டம் திட்டமே அல்ல, தனிமனிதரின் தயவு.

நமக்குத் தயவு பழக்கமில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டுக் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" நிதி திரட்டியபோது எளிய மக்களே அள்ளிக் கொடுத்தார்கள். 1956-இல் இந்திய ஆய்வியல் துறை பிறந்தது. பின்னர் தனிநாயகம் அடிகள் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அடிகள் ஆய்வாளர் மட்டுமல்லர், அமைப்புகளைக் கட்டி நடத்தத் தெரிந்தவர். அந்த இரண்டாவது திறமையை யாருக்குக் கற்றுத் தருகிறோம்?

சட்டம் தடுக்கிறதா? இல்லை! கூட்டரசு அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவு மலாயைத் தேசிய மொழியாக்குகிறது. அதே பிரிவு, பிற மொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் யாரும் தடுக்கக்கூடாது என்கிறது.

ஆகவே நாம் கேட்பது இதுதான்:

ஒன்று, தமிழ் பயிலும் முதுகலை மாணவர்க்கு எழுத்து கற்பிக்கும் பயிற்சி.

இரண்டு, அவர்களில் சிலருக்கு ஓராண்டாவது துணைப் பொறுப்பாளர் பதவி. அதற்கு முறையான ஊதியம். இலவச உழைப்பு வேண்டாம்!

மூன்று, பாடக்குறிப்பும் கணக்கும் அடுத்தவர் கைக்குப் போகும் ஏற்பாடு.

"சோற்றுக்கே பாடு, இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?" என்கிறீர்களா? வேலைநீக்கக் கடிதத்துக்குப் பதில், குடியுரிமை விண்ணப்பம், வீடு காலி செய்யச் சொன்னதற்கு ஆட்சேபம் என எல்லாமே எழுத்தில்தான் வெல்கின்றன, தோற்கின்றன. எழுதக் கற்பிப்பவரை உருவாக்குவது உங்கள் வீட்டுப் பிரச்சினை!

பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கும் நாளில் விடுதி எங்கே என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "எழுதக் கற்பிப்பவர் யார்? அவருக்குப் பின் யார்?" என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். எழுத்து மூலம் கேளுங்கள்!