குறிப்பெழுதி வைத்த கோப்பு

ஜாவா படித்தால் வேலை கிடைக்கும் என்று குலசேகரன்பட்டினத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஜாவா நிரல்களையே ஆராயும் வேலை ஒன்று உண்டென்று அவர்களிடம் சொல்வார் இல்லை.

ஜாவா நிரலில் அடிக்கடி பயன்படும் பகுதிகள், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இயந்திர மொழிக்கு மாறுகின்றன. அந்த நேரத்தில் ஆழமாக அலசினால் தாமதம். மேலோட்டமாகப் பார்த்தால் வேகம் கூட்டும் வழிகள் தப்பிவிடும்.

இதற்குச் சென்னை ஐ.ஐ.டி.யின் மானஸ் தாக்கூரும் கிருஷ்ண நந்திவாடாவும் 2019இல் வெளியிட்ட வழி பி.ஒய்.இ. கடினமான அலசல் முன்கூட்டியே முடிந்துவிடும். ஓடும் கணினியில் எந்த லைப்ரரி இருக்குமென்று தெரியாத இடங்களில், 'இப்படியிருந்தால் இப்படி' என்று நிபந்தனை மட்டும் நிற்கும். ஓடும்போது அதைத் தீர்த்தால் போதும்.

குமாஸ்தாக்கள் நாங்கள் செய்ததும் இதுதானே! வேறு துறையின் பதில் வராவிட்டாலும், 'இசைவு வந்தால் அனுமதிக்கலாம்' என்று குறிப்பெழுதிக் கோப்பைத் தயாராக வைப்போம். அதிகாரிக்குக் கையெழுத்து வேலைதான் மிச்சம்.

அந்த முன்வேலைக்கு உதவிய 'சூட்' என்ற கருவி, மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகம் எல்லோருக்கும் இலவசமாகத் தந்தது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, பிரெஞ்சு பேசும் அந்த ஊரின் பெயரை இங்கே காண்பதில் தனி மகிழ்ச்சி.

2024இல் இங்கே ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், ஊரே பேசியது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஆராய்ச்சியும் பேசத் தக்கதே. பேரப்பிள்ளைகளிடம் சம்பளத்தைப் பற்றிச் சொல்லும்போது, இதையும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.