எட்டாவது பேனைக்கத்தி

 

கண்டிக்கு அண்மையில் வசிக்கும் ஒரு தாயின் கடிதம் இம்முறை வந்திருக்கிறது. பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய மூத்த மகனுக்கு இருபது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். தொழுகை தவறாத பிள்ளை, சிகரெட்டைத் தொட்டதில்லை. அவருக்கு ஒரேயோர் ஆசை; மடக்குகிற பேனைக்கத்திகளைச் சேர்த்து வைப்பது. இதுவரை ஏழு சேர்ந்துவிட்டன. எட்டாவதை வாங்கக் காசும் சேர்த்துக்கொண்டு, "உம்மா, இதுகளில எது நல்லது, பார்த்துச் சொல்லுங்கோ" என்று படங்களைக் காட்டுகிறாராம். தாய்க்கோ அந்தக் கத்திப் பெட்டியைக் கண்டாலே நெஞ்சு படபடக்கிறது. "ஏழையும் ஒரு பையில் கட்டி மகாவலி கங்கையில் போட்டுவிடவா? மார்க்கத்தில் இப்படிச் சேர்ப்பதற்கு இடமுண்டா?" என்று கேட்கிறார்.

முதலில் மார்க்கத்தைச் சொல்லிவிடுகிறேன். தடுக்கப்பட்டதாக ஆதாரம் வராத பொருள் ஆகுமானது என்பதே அடிப்படை. கத்தி சேர்ப்பதற்கென்று தனித் தடை எதுவும் கிடையாது. வீண்விரயமாகாமல், பெருமையடிப்பதற்காக இல்லாமல், பிறரை அச்சுறுத்தாமல் இருந்தால் போதும். அவர் அதை வியாபாரம் செய்யாதவரை ஸகாத்தும் இல்லை. முத்திரை சேர்க்கிற பிள்ளையையும் நாணயம் சேர்க்கிற பிள்ளையையும் போலத்தான் இவரும்.

கத்தி என்றாலே கெட்ட பொருள் என்று நாம் எப்போது நினைக்கத் தொடங்கினோம்? கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ஆட்டின் முன்னங்கால் சப்பை இறைச்சியைக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொழுகைக்கு அழைப்பு வந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, புதிதாக வுழூச் செய்யாமலே தொழச் சென்றார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. திருக்குர்ஆனில் கத்தியைக் குறிக்கும் 'ஸிக்கீன்' என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. ஸூரத்து யூஸுபில், விருந்துக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப்பட்ட கத்தி அது. யூஸுப் (அலை) அவர்களைக் கண்ட திகைப்பில் அவர்கள் தங்கள் கைகளையே வெட்டிக்கொண்ட கதை உங்களுக்குத் தெரியும்.

அரபுக் கல்லூரியில் ஹதீஸ் நடத்தும்போது மாணவர்கள் ரசித்துக் கேட்கும் இன்னொரு செய்தியும் உண்டு. இரண்டு பெண்களின் பிள்ளைகளில் ஒன்றை ஓநாய் கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய பிள்ளை யாருடையது என்று வழக்கு. தாவூத் (அலை) அவர்கள் மூத்தவளுக்குத் தீர்ப்பளித்தார்கள். ஸுலைமான் (அலை) அவர்களிடம் வந்தபோது, "ஒரு கத்தி கொண்டு வாருங்கள், இருவருக்கும் பங்கிடுகிறேன்" என்றார்கள். இளையவள் பதறிப்போய், பிள்ளை மூத்தவளுடையதாகவே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தாள். உண்மைத் தாய் யார் என்பது தெரிந்துவிட்டது. இதை அறிவிக்கும் அபூஹுரைரா (ரலி) அவர்கள், 'ஸிக்கீன்' என்ற சொல்லையே அன்றுதான் கேள்விப்பட்டதாகவும், தங்கள் ஊரில் கத்திக்கு 'முத்யா' என்றே சொல்வார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். நாம் வழங்கும் சொல் இன்னோர் ஊருக்குப் புதிதாக இருக்கும், அரபிகளுக்கும் அப்படித்தான்!

பேனைக்கத்தி என்ற பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேனைக்கும் கத்திக்கும் என்ன தொடர்பு? இறகுப் பேனையைச் சீவிக் கூராக்குவதற்கென்று ஐரோப்பாவில் வைத்திருந்த சிறு கத்திதான் அது. அரபு எழுத்தணிக் கலைஞர்களுக்கும் நாணல் கலத்தைச் சீவ ஒரு கத்தி எப்போதும் கைவசம் வேண்டும். நம் தமிழ் ஓலைச்சுவடிக்காரர்களிடம் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளலாம். ஓலையை வாருவதற்குக் கத்தியும் சேர்ந்திருக்கும். ஆக இது ஓதுகிறவர்களும் எழுதுகிறவர்களும் மடியில் வைத்திருந்த பொருள். கணக்கு எழுதுகிற பிள்ளைக்கு இதில் ஆசை வந்தால் அதில் அதிசயமென்ன?

இனி அந்தத் தாயின் பயத்துக்கு வருகிறேன். அது வெறும் கற்பனையில் வந்த பயமன்று. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் நடந்தவற்றைக் கண்டி மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வீடு வீடாகத் தேடுதல் நடந்தபோது, குர்பானிக்கு வைத்திருந்த கத்தியைக்கூட எங்கே வைப்பது என்று தெரியாமல் பெண்கள் தவித்தார்கள். இந்தச் சகோதரியும் அப்போது தேங்காய் உடைக்கும் கத்தியை விறகுக்கடியில் மறைத்ததாக எழுதியிருக்கிறார். அன்று மகனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும்.

ஆனால் அன்றைய அறிவித்தலையும் சரியாக நினைவில் வைத்திருக்க வேண்டும். 2019 மே மாத முதல் வாரத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி பொலிஸார் கேட்டார்கள். அன்றாட வேலைக்குப் பயன்படும் கத்திகளுக்கு அது பொருந்தாது என்றும் அப்போதே சொல்லப்பட்டது. அறிவித்தலின் முதல் பாதி எல்லோர் காதிலும் விழுந்தது. இரண்டாம் பாதி நம்மில் பலருக்கு எட்டவேயில்லை.

இந்தியாவில், உத்தரப் பிரதேசத்து ராம்பூரைப் பாருங்கள். நவாபுகள் ஆண்ட ஊர். அங்கே முஸ்லிம் கைவினைஞர்கள் செய்த மடக்குக்கத்திக்கு ஊரின் பெயரே பெயரானது, ராம்பூரி என்பார்கள். இந்திச் சினிமா அதை ரவுடியின் கையில் கொடுத்து ஊர் ஊராகக் காட்டியது. 1990களில் நான்கரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்கு அரசு தடை விதித்தது. தொழில் நலிந்து பட்டறைகள் மூடப்பட்டன. பிறகு 2023இல் அதே ஊரில் ஏறத்தாழ 20 அடி நீளத்தில் ஒரு கத்தியைச் செய்து நாற்சந்தியில் நிறுத்தினார்கள், ஊரின் கைத்தொழிலைப் பெருமைப்படுத்துவதற்காக! சினிமாக்காரன் கெடுத்த பெயரைக் கொல்லன் சுமந்தான்.

ஆகவே சகோதரியே, ஆற்றில் போட வேண்டாம். இரவில் பையோடு ஆற்றங்கரைக்குப் போகிறவரைக் கண்டால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆகுமான பொருளை நாசமாக்குவதும் விரயமே. ஒளித்து வைக்கவும் வேண்டாம். பெட்டி ஹாலில் அலுமாரியில் இருக்கட்டும். வாங்கிய ரசீதுகளை அதற்குள்ளேயே வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்கட்டும். எவராவது வந்து கேட்டால், திறந்து காட்டிச் சொல்வதற்கு உங்களுக்கு வார்த்தை இருக்க வேண்டும். அதற்கு நீங்களும் மகனோடு உட்கார்ந்து எட்டாவதைத் தேர்ந்தெடுப்பதுதான் நல்ல வழி.

எதை வாங்கக் கூடாது என்பதை முதலில் சொல்கிறேன். பொத்தானை அமுக்கினால் தானாகப் பாய்ந்து திறக்கிற கத்தி வேண்டாம். இரண்டு பக்கமும் கூர் உள்ளது, இராணுவ உடுப்பின் நிறத்தில் பிடி போட்டது, அலகு கைவிரலைவிட நீண்டது, இவையும் வேண்டாம். இவற்றில் பழம் வெட்டுகிறவர் எவருமில்லை. கலிமாவோ ஆயத்தோ அல்லாஹ்வின் திருநாமமோ பொறித்த கத்தியை, எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மலசலகூடத்துக்கும் போவார்; அதைவிட அவமதிப்பு என்ன இருக்கிறது?

பிடி எதனால் ஆனது என்று கேளுங்கள். முறையாக அறுத்த மாட்டின், எருமையின் கொம்பும் எலும்பும் குற்றமில்லை. யானைத் தந்தம் நம் ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸ்; நாட்டின் சட்டமும் தந்த வியாபாரத்தைத் தடுத்திருக்கிறது. வெள்ளி வேலைப்பாட்டில் பலர் ஏமாறுகிறார்கள். கண்டிக் கத்திகளின் அழகு உலகறிந்தது. அலகின் அடியில் பித்தளையும் வெள்ளியும் இழைத்த பழைய சிங்களக் கத்திகளை அரும்பொருட்சாலையில் பார்த்து ரசிக்கலாம். ஆனால் நம் பிக்ஹு நூல்களில், போர்க் கருவிகளுக்கு ஆண்கள் வெள்ளி அலங்காரம் செய்ய அனுமதி சொல்லும் இமாம்கள், வீட்டு வேலைக் கத்தியையும் பேனைக்கூட்டில் வைக்கும் கத்தியையும் அந்த அனுமதிக்குள் சேர்க்கவில்லை. பேனைக்கத்தியைக்கூடப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள், எவ்வளவு கவனம் பாருங்கள்!

மகன் காட்டிய படங்களில் இரண்டு, கடிதத்தோடு வந்திருக்கின்றன. ஒன்று ஒப்பினெல். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் என்பவர் செய்யத் தொடங்கியது. மரப்பிடி, ஓர் அலகு. 1955 முதல் அலகைப் பூட்டும் வளையம் ஒன்றும் உண்டு. திருகிவிட்டால் வேலையின் நடுவே விரலில் மடங்காது. எட்டாம் இலக்கம் எட்டரை சென்ரிமீற்றர் அலகு கொண்டது. விலையும் அதிகமில்லை. ஆனால் மரம் ஈரத்தில் ஊதும். ஊதினால் அலகு பிடிக்குள் இறுகித் திறக்கவே முடியாது. கண்டியின் மழையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

மற்றது சுவிட்சர்லாந்தின் சிவப்புப் பேனைக்கத்தி. கார்ல் எல்செனர் 1884இல் ஈபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கி, 1891இல் அந்நாட்டு இராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். நமக்குத் தெரிந்த, பல கருவிகள் கொண்ட வடிவம் 1897இல் வந்தது. 1909இல் அவருடைய தாய் விக்டோரியா இறந்தபோது தாயின் பெயரையே தொழிலுக்கு வைத்தார். பின்னர் துருப்பிடிக்காத உருக்கைக் குறிக்கும் 'இனொக்ஸ்' என்பதும் சேர்ந்து விக்டோரினொக்ஸ் ஆனது. ஒரு கத்தி ஓர் உம்மாவின் பெயரைச் சுமக்கிறது! அதன் பிடியிலுள்ள சிலுவைக் குறி அந்த நாட்டுக் கொடியின் சின்னம். வணக்கத்துக்கான சின்னமாக அதில் பொறிக்கப்படவில்லை என்பதால் நான் ஹராம் என்று சொல்லமாட்டேன். மனம் ஒப்பாதவர் அந்தக் குறி இல்லாததை வாங்கட்டும், அதுவும் நல்லதே.

உருக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்பன் உருக்கு சீக்கிரம் தீட்டுப்படும், கூர் நன்றாக ஏறும். ஆனால் தேசிக்காய் வெட்டிவிட்டுத் துடைக்க மறந்தால் கறுத்துவிடும், பலாப் பாலும் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் துடைத்து ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். துருப்பிடிக்காத உருக்கு அவ்வளவு கேட்காது. எந்தக் கத்தியையும் தோலுறைக்குள் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். கடையில் வாங்கும்போது மெதுவாகத் திறந்து பாருங்கள். அலகு பக்கவாட்டில் ஆடக்கூடாது; மடக்கினால் பிடியின் நடுவில் அமர வேண்டும். பேர்போன பெயர்களைப் பொறித்த போலிகள் சந்தையில் ஏராளம். விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் நம்பாதீர்கள்.

எட்டுக்குப் பிறகு ஒன்பது, பத்து என்று போகாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போகும். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஜோசப் ரொட்ஜர்ஸ் நிறுவனம் 1822ஆம் ஆண்டில் 1822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்தது. ஆண்டுக் கணக்குக்கேற்ப அலகுகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். தொழிலாளியின் திறமைக்கு அது சாட்சி. ஆனால் அதைக் கொண்டு ஒரு வெங்காயம் வெட்ட முடியாது. ஆகவே மகனிடம் ஒன்று கேளுங்கள்: ஏற்கெனவே இருக்கிற ஏழும் செய்யாத எந்த வேலையை இது செய்யும்? பதில் இருந்தால் வாங்கட்டும். பதில் இல்லாமலும் ஆசை இருந்தால், ஏழில் ஒன்றைத் தோட்டவேலை செய்கிற மாமாவுக்கோ சாச்சாவுக்கோ ஹதியாவாகக் கொடுத்துவிட்டு வாங்கட்டும். சம்பளத்தில் உம்மாவுக்கும் வீட்டுக்கும் கொடுத்தது போக மிஞ்சியதில்தான் என்பதையும் சொல்லிவையுங்கள்.

கடைசியாக ஒழுக்கம். உருவிய வாளை அப்படியே கைமாற்றுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பள்ளிவாசலிலும் கடைத்தெருவிலும் அம்போடு நடப்பவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எவர் மீதும் படாதிருக்க. விளையாட்டுக்குக்கூட ஒரு சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது. பேனைக்கத்திக்கும் இதுவே பாடம்: மடக்கித்தான் கொடுக்க வேண்டும், மடக்கித்தான் வாங்க வேண்டும். தம்பி தங்கைகள் முன்னால் திறந்து வித்தை காட்டக் கூடாது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போகவும் வேண்டாம். 1998 ஜனவரியில் தலதா மாளிகையில் குண்டு வெடித்ததிலிருந்து அந்தப் பக்கத்தில் சோதனை உண்டு, பெரஹரா நாட்களில் கேட்கவே வேண்டாம். உம்ராவுக்குப் போகிறவர் கைப்பையில் மறந்து வைத்தால் விமான நிலையத்திலேயே பறிபோய்விடும்.

என் தேர்வையும் கேட்டிருக்கிறீர்கள். மழைக்கும் உங்கள் சமையலறைக்கும் சுவிட்சர்லாந்துக் கத்திதான் தோது. சிறியதை வாங்குங்கள், கத்தரிக்கோலும் டின் திறப்பானும் உள்ளதாகப் பார்த்து. வாங்கி வந்த அன்று முதல் மாங்காயை நீங்களே வெட்டிப் பாருங்கள்.