குவேக்கர் பாடசாலைகள்: உள்ளொளியும் ஓரத்து வாங்கும்

சமத்துவத்தைக் கோட்பாடாக ஏற்றுக்கொண்ட நிறுவனம் அதனை நடைமுறையிலும் கைக்கொள்ளும் எனக் கருதுவது பொதுவழக்கு. அமெரிக்காவின் குவேக்கர் பாடசாலைகள் பற்றி நிலவும் மதிப்பீடு இவ்வழக்கின் பாற்பட்டதே. 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ஜோர்ஜ் பொக்ஸ் முதலியோர் தோற்றுவித்த நண்பர் சங்கத்தினரே குவேக்கர் எனப்படுவர். மாந்தர் ஒவ்வொருவருள்ளும் இறைவனது ஒளி உறைகின்றது என்பது அவர்தம் அடிப்படை நம்பிக்கை. அந்நம்பிக்கை காரணமாக அவர்கள் குருமாரின்றி மௌனத்தில் வழிபட்டனர். வழிபாட்டிற் பேசும் உரிமையைப் பெண்களுக்கும் அளித்தனர். காலப்போக்கில் அடிமை முறையின் எதிரிகளாகவும் விளங்கினர். இவை மறுக்கவியலாத பெருமைகள். ஆயின் இப்பெருமைகளே இன்று அவர்தம் பாடசாலைகளிற் சீர்திருத்தத்திற்குத் தடையாகி நிற்கின்றன. வேறுபட்ட இனத்தவரும் வகுப்பினரும் அங்கு உண்மையிலேயே இடம்பெற்றுள்ளனரா என்ற வினா எழும்போதெல்லாம், சமத்துவமே எமது மரபு என்ற விடை முன்வைக்கப்படுகின்றது. அம்மரபினைச் சற்று அணுகி நோக்குதல் வேண்டும்.

1688 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவின் ஜேர்மன்ரவுண் என்னுமிடத்தைச் சேர்ந்த நால்வர், அடிமை முறையைக் கண்டித்து விண்ணப்பமொன்றினைத் தம் சபைக்குச் சமர்ப்பித்தனர். மாதச் சபை அதனைக் காலாண்டுச் சபைக்கு அனுப்பியது. காலாண்டுச் சபை வருடாந்தச் சபைக்கு அனுப்பியது. வருடாந்தச் சபை முடிவெதுவும் கூறாது விடுத்தது. அக்காலத்திற் குவேக்கருட் பலர் அடிமைகளை உடையவராயிருந்தனர். குடியேற்றத்தின் தலைவரான வில்லியம் பென்னும் அவர்களுள் ஒருவர். அடிமைகளை விடுவிக்க மறுப்போர் சங்கத்திலிருந்து நீக்கப்படுவர் எனப் பிலடெல்பியா வருடாந்தச் சபை விதித்தது 1776 இலேயே. நால்வருக்குத் தெளிவாகத் தெரிந்த நீதி சபைக்குத் தெரிவதற்கு 88 ஆண்டுகள் சென்றன. இறுதி வெற்றியை விழாவெடுத்து நினைவுகூர்வோர் இடைப்பட்ட தாமதத்தை மறந்துவிடுகின்றனர். அத்தாமதத்தின் விலையைச் செலுத்தியோர் சபையில் அமர்ந்திருந்தவர்களல்லர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

கல்வித் துறையிலும் இவ்விரட்டைத் தன்மையே காணப்படுகின்றது. அந்தோனி பெனசெற் என்னும் ஆசிரியர் 1750 ஆம் ஆண்டு முதல் தமது இல்லத்திற் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அவரது முயற்சியாற் பிலடெல்பியாக் குவேக்கர் 1770 இல் அவர்களுக்கெனப் பாடசாலையொன்றினைத் தொடக்கினர். கறுப்பின மக்களின் அறிவாற்றல் எவ்வகையிலும் குறைந்ததன்று என அவர் எழுதியமை அக்காலத்திற் பெரும் புரட்சியே. எனினும் அப்பாடசாலை வேறாக அமைந்த பாடசாலை. கறுப்பினப் பிள்ளைக்குக் கல்வி அளிக்க முன்வந்தோர், தம் பிள்ளைகளின் அருகில் அப்பிள்ளையை அமர்த்த முன்வரவில்லை.

வழிபாட்டு மண்டபத்திலும் நிலைமை இதுவே. பிலடெல்பியாவின் ஆர்ச் வீதி மண்டபத்திற் கறுப்பினத்தவருக்கெனத் தனி வாங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தாயாருடன் அவ்வாங்கில் அமர்ந்த சிறுமி சாரா மப்ஸ் டக்ளஸ் பிற்காலத்திற் புகழ்பெற்ற ஆசிரியையானார். பிறர் அவ்விடத்தில் அமராதவாறு தடுக்கப்பட்டதைக் கண்ட வேதனையை அவர் 1837 இற் கடிதமொன்றிற் பதிவுசெய்துள்ளார். அடிமைத்தளையை எதிர்த்த அதே சபையினரே இவ்வாங்கினையும் பேணினர். இரக்கமும் சமத்துவமும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

விலக்கிவைத்தல் ஒரு தவறாயின், உருவழித்துச் சேர்த்துக்கொள்ளல் மற்றொரு தவறு. நியூயோர்க் மாநிலத்திற் செனெக்கா ஆதிக்குடிகளின் பிள்ளைகளுக்காகப் பிலடெல்பியாக் குவேக்கர் 1852 முதல் 1938 வரை ருனெசாசா என்னும் விடுதிப் பாடசாலையை நடத்தினர். 1869 இற் கிராண்ற் சனாதிபதியானபின், மேற்கிலிருந்த ஆதிக்குடிகளின் நிருவாகப் பொறுப்புகளும் பல குவேக்கருக்கு அளிக்கப்பட்டன. அங்கெல்லாம் நல்லெண்ணத்திற்குக் குறைவில்லை. ஆயின் பிள்ளையின் மொழியும் உடையும் வழக்கமும் களையப்படவேண்டிய குறைகளாகவே கருதப்பட்டன. பிள்ளையினுள் ஒளி உண்டு என்று கூறியவர்கள், அவ்வொளி ஆங்கிலத்தில் மட்டுமே சுடர்விடும் எனக் கொண்டனர்.

இவை பழங்கதைகள் எனக் கூறித் தப்பிவிட முடியாது. வாஷிங்டன் நகரில் 1883 இல் நிறுவப்பட்ட சிட்வெல் நண்பர் பாடசாலை கறுப்பின மாணவரைச் சேர்க்கத் தொடங்கியது 1956 இல். அரசாங்கப் பாடசாலைகளில் இனப்பிரிவினை சட்டவிரோதமானதென உயர்நீதிமன்றம் 1954 இலேயே தீர்ப்பளித்துவிட்டது. தனியார் பாடசாலையை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாதெனினும், மனச்சாட்சியைத் தன் வழிகாட்டியாகக் கொண்ட நிறுவனம் சட்டத்திற்குப் பின்னால் நடந்துவந்தது என்ற உண்மை எஞ்சுகின்றது. இன்று அதே பாடசாலை சனாதிபதி ஒபாமாவின் புதல்வியர் பயின்ற இடமெனப் புகழப்படுகின்றது. அதன் ஆண்டுக் கட்டணமோ 50,000 டொலருக்கு மேற்பட்டது. எளிமையைத் தன் அறமாகக் கூறும் சமயத்தின் பெயரால் நடைபெறும் பாடசாலையின் வாயிலிற் செல்வமே காவல் நிற்கின்றது. புலமைப்பரிசில் பெற்று நுழையும் ஏழைப் பிள்ளை அங்கு விருந்தினனாகவே நடத்தப்படுமாயின், பழைய வாங்கு உருமாறியுள்ளதேயன்றி அகற்றப்படவில்லை. விருந்தினன் நன்றியுடையவனாய் இருத்தல் வேண்டும். உரியவனோ குறை கூறலாம், மாற்றம் கோரலாம். உள்வாங்கலுக்கும் உரித்துக்கும் இடையிலான வேறுபாடு இதுவே.

அனைவருள்ளும் ஒரே ஒளி உள்ளதாயின் இனத்தைப் பற்றிப் பேசுவானேன் எனச் சிலர் வினவுகின்றனர். ஒளி ஒன்றே, வாங்குகள் வேறாயிருந்தன. வேறுபாட்டினை ஏற்படுத்தியபோது நிறத்தைக் கண்ட கண்கள், அதனை நீக்கவேண்டியபோது மட்டும் நிறத்தைக் காணமறுப்பது நேர்மையன்று. வேறு சிலர் சபையின் ஒருமித்த உணர்வு கனியும்வரை காத்திருக்கவேண்டும் என்பர். வாக்கெடுப்பின்றி, கலந்துரையாடி ஒருமனப்படுதல் குவேக்கரின் சிறந்த முறையே. ஆயின் அமர்ந்திருப்போர் யாவரும் ஒரே வகுப்பினராயின் அவ்வொருமனம் அவ்வகுப்பின் வசதியாகவே முடியும். 1688 புகட்டும் பாடம் அதுவே. மௌனமும் அத்தகையதே: பேசினாற் கேட்கப்படும் என்ற நம்பிக்கை உள்ளவனுக்கு அது வழிபாடு, அந்நம்பிக்கை அற்றவனுக்கு அது வாய்ப்பூட்டு.

இதற்கான பரிகாரத்தை வெளியே தேடவேண்டியதில்லை. தம்மைத் தாமே சோதிக்கும் வினாக்களைக் காலந்தோறும் சபைமுன் வாசிப்பது குவேக்கரின் பழைய வழக்கம். அவ்வினாக்கள் பாடசாலையின் ஆளுநர் சபையிலும் கேட்கப்படட்டும். இடைநடுவில் விலகிச் செல்லும் மாணவர் யாவர்? தண்டனை பெறுவோர் யாவர்? கற்பிப்போர் யாவர்? எவர் வரலாறு பாடநூலில் இடம்பெறுகின்றது? கட்டணத்தையும் நியமனத்தையும் தீர்மானிக்கும் ஆசனங்களில் அமர்ந்திருப்போர் யாவர்? விடைகள் உணர்ச்சி மொழியிலன்றி எண்களில் ஆண்டுதோறும் வெளியிடப்படட்டும். விழா நாட்களும் பல நிறத்து முகங்கள் நிறைந்த விளம்பரப் படங்களும் இவ்விடைகளுக்கு ஈடாகா.

இன்று இப்பாடசாலைகளிற் பயில்வோருட் பெரும்பாலோர் குவேக்கர் அல்லர். எனவே அவை எவருக்கு உரியவை என்ற வினாவினை இனியும் ஒத்திவைக்க இயலாது. பெனசெற்றின் பெயரை உச்சரிப்பதால் மட்டும் எவரும் அவரது வழித்தோன்றலாகிவிட முடியாது. அவர் தம் காலத்துச் சபை கேட்க விரும்பாததைக் கூறினார். இறக்கும்போது தம் உடைமையையும் மனைவியின் காலத்தின் பின் கறுப்பினப் பிள்ளைகளின் கல்விக்கே உரித்தாக்கினார். அவர் விட்டுச்சென்ற பணியில் எஞ்சியிருப்பது ஒன்றே: பிள்ளைக்கு ஆசனம் அளிப்பதோடு அமையாது, ஆசனங்களை ஒழுங்குசெய்யும் அதிகாரத்தையும் அப்பிள்ளையின் சமூகத்தோடு பகிர்ந்துகொள்ளல். அது நிகழும்வரை உள்ளொளி பற்றிய பேச்சு ஓரத்து வாங்கினை மறைக்கும் திரையாகவே இருக்கும்.