கணினி: சலுகையா, கருவியா?

2020-இல் கொரோனா பிரிட்டனை முடக்கத் தொடங்கிய வேளையில், 650 எம்.பி.க்களுக்கும் அலுவலகச் செலவுக்குத் தலைக்குக் கூடுதலாக 10,000 பவுண்டு வரை அனுமதிக்கப்பட்டது. அவர்களும் அவர்களது ஊழியர்களும் வீட்டிலிருந்தே வேலை செய்ய மடிக்கணினி, அச்சுப்பொறி போன்றவை அதில் வாங்க முடிந்தது. வேலை பறிபோய் நின்றவர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

ஆனால், யார் சட்டைப்பைக்குள்ளும் அப்படியே போய்விடும் பணமல்ல அது. ரசீது காட்ட வேண்டியிருந்தது.

2009-இல் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு முறைகேடுகள் அம்பலமான பிறகு உருவான ‘இப்ஸா’ என்ற சுயேச்சை அமைப்பே இதைக் கண்காணிக்கிறது. செலவு விவரங்களையும் வெளியிடுகிறது. தொகுதி மக்களின் மனுக்களைக் கணினியின்றிக் கவனிக்க முடியாது. ஆகவே செலவு நியாயமே. விலையோடு, பதவிக்காலம் முடிந்ததும் அந்தக் கணினி எங்கே போனது என்பதையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.